ஒரு சொல்லும் ஒரு பிளவும்: கால்செதோன் சங்கம் குறித்து

இயேசு கிறித்து இறைவனும் மனிதரும் ஆவார்; ஆதலின் மீட்பரும் ஆவார் என்பது கிறித்தவத்தின் நடுக்கொள்கை. அதனைச் சொல்லால் வரையறுக்க முயன்றபோது எழுந்த பிளவினை இக்கட்டுரை ஆராய்கிறது.

கி.பி. 325இல் கூடிய நைசீயா சங்கம், மகன் தந்தையோடு ஒரே பொருண்மையர் என அறிவித்து, அவரைப் படைக்கப்பட்டவராகக் கருதிய ஆரியுசின் கொள்கையை விலக்கியது. படைக்கப்பட்டவர் பிறரை மீட்டல் இயலாது என்பது அத்தனாசியுசின் வாதம். மனித இயல்பு முழுவதையும் கிறித்து ஏற்காவிடில் மனிதன் முழுமையாக மீட்படையான் என்பது நாசியான்சு கிரகோரியின் வாதம். இரண்டற்கும் அடிப்படை மீட்பே.

கி.பி. 451இல் கால்செதோன் சங்கம், ஒரே ஆளில் இரண்டு இயல்புகள் கலவாமலும் பிரியாமலும் உள்ளன என வரையறுத்தது. எகிப்தியத் திருச்சபையும், சிரிய, ஆர்மீனிய மரபினரும் இதனை ஏற்றிலர். அவர்கள் போற்றிய அலெக்சாந்திரியச் சிரிலின் வழக்கில் 'பிசிஸ்' என்னும் கிரேக்கச் சொல் தனித்து இயங்கும் ஒருவரைச் சுட்டியது. கால்செதோன் வழக்கிலோ பொதுவான இயல்பைச் சுட்டியது. எனவே, 'இரண்டு' எனின் கிறித்து இருவராவார் என ஒரு சாராரும், 'ஒன்று' எனின் மனிதத்தன்மை கரைந்துவிடும் என மறுசாராரும் அஞ்சினர்.

இந்தியாவின் மலங்கரை ஆர்த்தடாக்ஸ் திருச்சபை கால்செதோனை ஏற்காத மரபினது. அதன் அறிஞர்களான வி. சி. சாமுவேலும் பால் வர்கீசும் பங்கேற்க, 1964இல் டென்மார்க்கின் ஆர்கூசு நகரில் நடந்த உரையாடல், இருசாராரின் நம்பிக்கையும் சாரத்தில் ஒன்றே எனக் கண்டது. பிளவு இன்னும் முற்றும் நீங்கவில்லை. எனினும், பதினைந்து நூற்றாண்டுப் பகையைத் தணித்ததில் சொற்பொருள் ஆய்வுக்கும் பங்குண்டு என்பது மொழி பயில்வோர் கருதத்தக்கதாகும்.