மண் கணக்கும் வயிற்றுக் கணக்கும்



கோடையில் ஏரி வற்றினதும் வண்டல் எடுக்கப் புறப்படுகிறோம், கரைக்கு மண் கொட்டுகிறோம். "எத்தனை யூனிட் மண்?" என்பதில்தான் தகராறு கிளம்புகிறது. இந்தத் தகராறு இன்று நேற்று வந்ததல்ல.

உத்திரமேரூர்க் கோயில் சுவரில் கி.பி. 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் இருக்கின்றன. முதலாம் பராந்தக சோழன் காலத்தவை. ஏரியைப் பார்த்துக்கொள்ள அந்த ஊரில் ஏரி வாரியம் என்று தனிக் குழு இருந்தது. குடவோலை போட்டு ஆட்களைத் தேர்ந்தெடுத்தார்கள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனுக்கு மறுபடி இடமில்லை; அவன் நெருங்கிய உறவினருக்கும் இல்லை. பார்த்தீர்களா, ஏரி என்றாலே கணக்கு!

அப்புறம் ஊரார் சேர்ந்து செய்யும் குடிமராமத்து நலிந்தது. 1858-இல் வெள்ளைக்கார அரசு, அந்த வேலையைக் கட்டாயமாக்கச் சட்டமே போட்டது. சட்டத்தால் மட்டும் கரை உயர்ந்துவிடுமா?

1876-இல் தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1878 வரை வாட்டியது. பசித்து வந்தவர்களுக்கு அரசு மண் வேலை கொடுத்தது. சென்னை நகருக்குள் ஓடும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி அப்படி வெட்டியதுதான். 1877 ஜனவரியில் சர் ரிச்சர்டு டெம்பிள் என்ற அதிகாரி கூலியைக் குறைத்தார். ஓர் ஆணுக்கு நாளைக்கு ஒரு ராத்தல் தானியமும் கொஞ்சம் சில்லறையும் என்றார். ஒரு ராத்தல் என்பது அரைக் கிலோகூட இல்லை. சுகாதார கமிஷனர் டாக்டர் கார்னிஷ் எதிர்த்து வாதாடினார். மண் சுமக்கிற உடம்புக்கு ஒன்றரை ராத்தலாவது வேண்டும், காய்கறியும் பருப்பும் வேண்டும் என்றார். மார்ச்சில் ஒன்றேகால் ராத்தல் தானியமும் கொஞ்சம் பருப்புமாக உயர்ந்தது. மண்ணை அளந்தார்கள், வயிற்றை அளக்க ஒரு டாக்டர் வாதாட வேண்டியிருந்தது. அந்தப் பஞ்சத்தில் இந்தியாவில் மாண்டவர்கள் ஐம்பது லட்சத்துக்கும் மேல்.

2006-இல் தொடங்கிய நூறு நாள் வேலையிலும் வெட்டின பள்ளத்தை அளந்துதான் கூலி போட்டார்கள். ஆகவே அளவு நமக்கும் தெரிந்திருக்க வேண்டும். கேளுங்கள்.

நீளம், அகலம், ஆழம் மூன்றையும் அடியில் பெருக்கினால் கன அடி. நூறு கன அடி ஒரு யூனிட். இருபதடி நீளம், பத்தடி அகலம், இரண்டடி ஆழம் என்றால் 400 கன அடி. அதாவது 4 யூனிட். பள்ளம் மேடும் பள்ளமுமாய் இருந்தால் நாலைந்து இடத்தில் ஆழம் பார்த்து, கூட்டிச் சராசரி எடுங்கள்.

வெட்டும்போது நடுவில் ஒரு மண்திட்டைத் தொடாமல் விட்டுவையுங்கள். தரை முதலில் எந்த மட்டத்தில் இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி. அதன் தலையில் பழைய புல் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆழத்தைக் கூட்டிக் காட்ட, திட்டின் மேல் மண் அப்புகிறவர்களும் உண்டு!

இன்னொரு சங்கதி. வெட்டின மண் பொலபொலவென்று உப்பும். சாதாரண மண் நாலில் ஒரு பங்கு கூடுவது சகஜம். களிமண் அதற்கு மேலும் போகும். பள்ளத்தில் 4 யூனிட், வண்டியில் 5 யூனிட்! கரையில் கொட்டி இடித்து, மழையும் பெய்தால் மறுபடி அமுங்கிவிடும். எனவே பள்ளத்தில் அளப்பதா, வண்டியில் அளப்பதா, கரையில் அளப்பதா என்பதை வேலைக்கு முன்னாலேயே பேசி எழுதிக்கொள்ளுங்கள். பிறகு பேசினால் சண்டைதான் மிச்சம்.

கரைக்குக் கணக்கு: மேலகலம் 6 அடி, அடியகலம் 26 அடி. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 16. உயரம் 5 அடி என்றால் 80 சதுர அடி. நூறடி நீளத்துக்கு 8000 கன அடி, 80 யூனிட். இது இடித்து அமுங்கின அளவு. வண்டிக் கணக்கில் இன்னும் கூடுதலாகவே மண் வேண்டும்.

ஒரு கயிறு, ஒரு கோல், ஒரு நோட்டு. இவை மூன்றும் கையில் இருந்தால் சுமந்தவன் கூலியும் குறையாது, ஊர்ப் பணமும் வீண் போகாது.