துறுகல்

துறு என்றால் செறிதல், நெருங்குதல். செறிந்து திரண்ட பெரிய குண்டுக்கல்லே துறுகல். சென்னை மந்தைவெளியில் பெயருக்கேற்ப மந்தையும் வெளியும் இருந்திருக்கலாம், கல் கிடையாது. துறுகல்லைப் பார்க்க மாமல்லபுரத்துக்குத்தான் பஸ் ஏற வேண்டும். அங்கே ‘கிருஷ்ணனின் வெண்ணெய் உருண்டை’ என்று சுற்றுலாக்காரர்கள் படம் பிடிப்பது சாட்சாத் துறுகல்.

குறுந்தொகை 13ஆம் பாட்டில் கபிலர், பெருமழையில் நனைந்த துறுகல்லை அழுக்குப் போகக் கழுவிவிட்ட யானைக்கு ஒப்பிடுகிறார். அதற்கு அவர் தரும் அடை ‘பிணர்’, அதாவது சொரசொரப்பு. கல்லைத் தொட்டுப் பார்த்தவர் சொல் இது! கயிறில்லாமல் குண்டுக்கல் ஏறும் ‘போல்டரிங்’காரர்களுக்கு அந்தப் பிணர்தான் உயிர். ஹம்பியின் கருங்கற்களைத் தேடி வெளிநாட்டார் வருவதும் அதற்காகவே.

பாரிஸ் அருகே ஃபோந்தேன்புளோ காட்டில் 1930களில் பிரெஞ்சு மலையேற்றக்காரர் பியர் அலேன் வழவழப்பான ரப்பர் அடியுள்ள காலணியை உருவாக்கியது கல்லைக் காலால் பற்றத்தான். 1950களில் அமெரிக்கரான ஜான் கில், ஜிம்னாஸ்டிக் வீரர்கள் உள்ளங்கையில் பூசும் மெக்னீசியம் கார்பனேட் தூளைப் பாறைக்குக் கொண்டுவந்தார். பிழைப்புக்குக் கணிதப் பேராசிரியராக இருந்தவர். மலையேறுவோர் பொழுதுபோக்காக நினைத்த குண்டுக்கல் ஏற்றத்தைத் தனிக் கலையாக்கியவர் என்று அவரைத்தான் சொல்ல வேண்டும்.

போல்டரிங்குக்குத் ‘துறுகல் ஏற்றம்’ என்பது என் சிபாரிசு. கயிறு கட்டிச் செங்குத்துப் பாறையில் உயர ஏறுவதற்கு இது பொருந்தாது. அதற்குப் ‘பாறையேற்றம்’ போதும்.