மூன்று வண்டிகளும் ஒரு மரப்பெட்டியும்

நாகர்கோவிலில் இரயில் நிலையம் இல்லாதிருந்த காலம் ஒன்று உண்டு என்றால் இன்றைய பிள்ளைகள் நம்மை ஐயத்தோடு பார்க்கின்றனர். திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்கு இருப்புப்பாதை திறக்கப்பட்டது 1979ஆம் ஆண்டில். திருநெல்வேலியோடு நாம் இணைக்கப்பட்டது 1981இல். இந்தியாவின் முதல் பயணிகள் இரயில் 1853இல் ஓடியது என்பதை எண்ணினால், நாட்டின் தென்கோடியில் வாழ்ந்த நாம் ஒன்றேகால் நூற்றாண்டு காத்திருந்தோம் என்பது விளங்கும். அதுவரை நமக்கு எல்லாமே சாலைதான்.

அந்தச் சாலைக்கும் ஒரு வரலாறு உண்டு. நம் மண் திருவிதாங்கூர் அரசின்கீழ் இருந்தபோது, 1938 பிப்ரவரி 20 அன்று மன்னர் சித்திரைத் திருநாள் அரசுப் பேருந்துப் போக்குவரத்தைத் தொடங்கிவைத்தார். இங்கிலாந்திலிருந்து 60 காமர் வண்டிகளின் அடிச்சட்டங்கள் வரவழைக்கப்பட்டன. இலண்டன் போக்குவரத்துத் துறையில் பணியாற்றிய சால்ட்டர் என்பவரின் மேற்பார்வையில் அவற்றுக்கு இங்கேயே கூடு கட்டப்பட்டது. முதன்முதலில் ஓடிய வழித்தடம் திருவனந்தபுரம் – நாகர்கோவில். 1956 நவம்பர் முதல் நாளில் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் பிறந்தது. ஆட்சி மாறியது, ஆனால் நோய் முற்றினால் நாம் போன திசை மாறவில்லை. 1951இல் தொடங்கிய திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியே நமக்குக் கடைசிப் புகலிடம். நாகர்கோவிலிலிருந்து ஏறத்தாழ எழுபது கிலோமீட்டர்.

அந்நாளில் நம் நாட்டில் வாங்கக் கிடைத்த கார்கள் மூன்றே வகை எனலாம். கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் உருவான அம்பாசிடர், பம்பாயில் உருவாகிப் பின்னாளில் பத்மினி என்று பெயர் பெற்ற பியட், நம் சென்னையை அடுத்த வண்டலூரில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. பெரிய குடும்பங்கள் அம்பாசிடரை விரும்பின. நகரத்து வணிகர்கள் பியட்டை நாடினர். ஹெரால்டின் முன்மூடி முழுவதும், சக்கரங்களின் மேற்கவிப்போடு சேர்ந்து, முன்புறமாய்ச் சாய்ந்து திறக்கும். எஞ்சின் முழுவதும் கண்முன் தெரியும். வண்டியைத் தம் கையாலேயே பழுது பார்க்க விரும்பியவர்களுக்கு அது ஒரு பள்ளிக்கூடம். முன்பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலம் அது. ஆகவே பழைய வண்டி வாங்கியவரே மிகுதி.

எழுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் பங்கில் மூன்று பேரிடம் கார் இருந்தது. ஒருவர் கல்லூரி ஆசிரியர். 1968இல் பதிவான ஹெரால்டு அவருடையது. மற்றொருவர் துணி வணிகர். மூன்றாவது வண்டி நம்முடையது. இரண்டு கை மாறி நம்மிடம் வந்தது. ஞாயிறு திருப்பலி முடிந்ததும் கோயில் முற்றத்துப் புளியமரத்தடியில் மூன்று வண்டிகளும் நிற்கும். யார் வண்டி எத்தனை மைல் கொடுத்தது, யார் கார்புரேட்டரைக் கழுவினார், எந்த மேஸ்திரியின் கை சுத்தம் என்ற பேச்சு நண்பகல்வரை நீளும். 1973இன் இறுதியில் அரபு நாடுகளின் முடிவால் உலகெங்கும் எண்ணெய் விலை ஏறியபோது, திருநெல்வேலிப் பயணங்களுக்கு மூவரும் ஒரே வண்டியில் போய்ச் செலவைப் பகிர்ந்துகொண்டோம். ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆடிக்காற்று வண்டியை ஓரத்திற்குத் தள்ளும்போது ஆசிரியர் ஓட்டுவதைக் காண்பதே ஒரு பாடம்.

இவ்வளவையும் இன்பமாகவே நினைவுகூரலாம். ஆனால் அந்த நட்பு எதன்மேல் நிலைபெற்றது என்பதைச் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரை உண்மையாகாது.

அந்நாளில் நள்ளிரவில் கதவு தட்டப்பட்டால் காரணம் ஒன்றாகவே இருக்கும். பிள்ளைப்பேறு, பாம்புக்கடி, மரத்திலிருந்து விழுந்தவர். வாடகைக் கார் அந்நேரத்தில் அகப்படாது. அகப்பட்டாலும் கொடுக்கப் பணம் இராது. கார் வைத்திருந்தவர் எழுந்து சட்டையை மாட்டிக்கொள்வார். அதை எவரும் உதவி என்று பெயரிட்டுப் பேசியதில்லை.

1974ஆம் ஆண்டு பங்குனி மாதத்தில் ஒருநாள் மாலை, பனையேறும் தொழிலாளி ஒருவர் மரத்திலிருந்து விழுந்தார். பக்கத்து மருத்துவமனையில் முதலுதவி செய்து, உடனே திருவனந்தபுரம் கொண்டு போகச் சொன்னார்கள். ஆசிரியர் அன்று ஊரில் இல்லை. வணிகரின் வண்டி ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது. நம் வண்டியில் அவரைக் கிடத்தினோம். அவர் தலையை மடியில் ஏந்திக்கொண்டு மனைவி பின்னால் அமர்ந்தார்.

தக்கலை கடந்தோம், மார்த்தாண்டம் கடந்தோம். குழித்துறைப் பாலம் தாண்டிச் சற்றுத் தொலைவில் ஃபேன் பெல்ட் அறுந்தது. ரேடியேட்டர் கொதித்தது. மாற்று பெல்ட் நம்மிடம் இல்லை. துண்டை முறுக்கிக் கட்டிப் பார்த்தோம். இரண்டு பர்லாங்கு தாங்கவில்லை. கடைசியில் அவ்வழி வந்த லாரி ஓட்டுநர் ஒருவர் தம் வண்டியில் அவரை ஏற்றிக்கொண்டார். அதற்குள் ஒரு மணி நேரம் கழிந்திருந்தது. நெய்யாற்றின்கரையை எட்டும்போது அவர் உயிர் பிரிந்தது.

அந்த ஒரு மணி நேரம் கிடைத்திருந்தால் அவர் பிழைத்திருப்பாரா என்று மருத்துவர் எவரும் சொல்லவில்லை; கேட்கும் துணிவும் நமக்கு இல்லை. வண்டியைப் பழிக்கவும் நாம் விரும்பவில்லை. அந்த பெல்ட் வெடித்திருந்ததை மூன்று வாரங்களுக்கு முன்பே நாம் பார்த்திருந்தோம். அடுத்த மாதச் சம்பளத்தில் மாற்றலாம் என்று தள்ளிப்போட்டோம். தவறு நம்முடையது.

ஒரு மாதம் கழித்து அந்த அம்மையார் வீட்டுக்கு வந்தார். ஓலைக் கொட்டானில் கருப்பட்டி கொண்டுவந்திருந்தார். “அண்ணாச்சி, அன்னைக்கு நீங்க வண்டி எடுத்தீங்களே, அதுக்குத்தான்” என்றார். பெல்ட்டைப் பற்றி அவரிடம் நாம் சொல்லவில்லை. கருப்பட்டியை வாங்கிக்கொண்டோம்.

ஆசிரிய நண்பரிடம் மட்டும் அனைத்தையும் சொன்னோம். அவர் கண்டிக்கவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு புளியமரத்தடிக்கு ஒரு மரப்பெட்டியோடு வந்தார். மூன்று வண்டிகளுக்கும் தனித்தனியே ஃபேன் பெல்ட்டுகள், பிளக்குகள், ஒரு டியூப், ரேடியேட்டர் குழாய்கள், டார்ச் விளக்கு, கயிறு, ஒரு பழைய நோட்டுப் புத்தகம். நோட்டில் மூன்று பத்திகள் போட்டிருந்தார். வாரந்தோறும் மூன்று வண்டிகளையும் மூவரும் சேர்ந்து சோதிக்க வேண்டும்; சோதித்ததை எழுத வேண்டும்; ஒருவர் ஊரில் இல்லாவிட்டால் சாவியை மற்றவர் வீட்டில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். அன்று தொடங்கியது எங்கள் சங்கம். அதற்குப் பெயரோ சந்தாவோ இருந்ததில்லை.

சென்னையில் 1953இலேயே மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தோன்றிவிட்டது. சோழவரம் விமானத் தளத்தில் அவர்கள் நடத்திய கார்ப் பந்தயங்களைப் பற்றி நாளிதழில் படித்து வியந்திருக்கிறோம். வேகத்தை விரும்பியவர்களின் சங்கம் அது. வண்டி நின்றுவிடக் கூடாதே என்று அஞ்சியவர்களின் சங்கம் எங்களுடையது. அந்த நோட்டில் பின்னர் எழுதப்பட்ட இரவுப் பயணங்கள் நாற்பத்தொன்று. எல்லாரும் பிழைத்தனர் என்று சொல்ல இயலாது. ஆனால் ஒரு பயணமும் வழியில் நின்றுபோகவில்லை.

மூன்று வண்டிகளிலும் புனித கிறிஸ்தோபரின் சிறு உருவம் இருந்தது. 1969இல் திரு அவையின் பொது நாட்காட்டியிலிருந்து அவர் திருநாள் எடுக்கப்பட்டபோது, அவர் புனிதரே அல்லர் என்று சிலர் தவறாகக் கருதினர். அத்திருநாளைத் தலத் திரு அவைகள் கொண்டாடலாம் என்பதே முடிவு. வழிப்போக்கரைத் தோளில் சுமந்து ஆற்றைக் கடத்தியவர் அவர் என்பது மரபு. குழித்துறைப் பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் நம் கை அந்த உருவத்தைத் தொட்டுக்கொள்ளும். நம் மனம் பெல்ட்டை நினைத்துக்கொள்ளும்.

காலம் மாறியது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் நம் தெருக்களில் கார் இல்லாத வீடு அரிதாயிற்று. 2001இல் ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. 2008இல் தமிழகத்தில் 108 ஆம்புலன்ஸ் வந்தது. இவற்றுக்காக இறைவனுக்கு நன்றி கூறுகிறோம். பழைய காலமே பொற்காலம் என்று பாடுவது அந்தப் பனைத் தொழிலாளியின் குடும்பத்திற்குச் செய்யும் அநீதி. 2014இல், அதே ஆண்டில், மாருதி 800உம் அம்பாசிடரும் உற்பத்தி நின்றன. அதற்கு வெகுகாலம் முன்பே எங்கள் நோட்டில் எழுத ஒன்றும் இல்லாமற் போயிருந்தது.

வணிக நண்பர் முதலில் மறைந்தார். ஆசிரியர் 2019இல் மறைந்தார். அவருடைய மக்கள் ஹெரால்டை விற்கவில்லை. ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளுக்கென 2021இல் மத்திய அரசு வகுத்த விதிகளின்படி அதற்கு மறுபதிவு செய்ய முனைந்தனர். அவ்வாறு பதிவு பெறும் வண்டியைக் கண்காட்சிக்கும் பழங்கார் அணிவகுப்புக்கும் கொண்டு செல்லலாம். அன்றாடப் பயணத்திற்குப் பயன்படுத்தலாகாது. விதி நியாயமானதே. ஆயினும், நள்ளிரவில் எத்தனையோ பேரைச் சுமந்த வண்டி இனிக் காட்சிக்கு மட்டும் நிற்கும் என்று கேட்டபோது மனம் கனத்தது.

வண்டியைத் துப்புரவு செய்தபோது டிக்கியில் அந்த மரப்பெட்டி இருந்ததாம். மக்கள் அதை நம் வீட்டில் கொண்டுவந்து தந்தனர். திறந்து பார்த்தோம். நம் வண்டிக்கென அவர் வாங்கி வைத்த பெல்ட் காகித உறையிலேயே இருந்தது. ரப்பர் இறுகிக் கல்லாகியிருந்தது. அந்த வண்டியை நாம் விற்று முப்பது ஆண்டுகள் ஆகின்றன.

அன்று அந்த அம்மையாரிடம் சொல்லாததை இன்று இங்கே எழுதிவிட்டோம். அவர் இன்று உயிரோடு இருக்கிறாரா என்று அறியோம். அவருடைய மக்கள் எவரேனும் இதைப் படிக்க நேர்ந்தால், நம்மை மன்னிக்கும்படி வேண்டுகிறோம்.

சென்ற ஞாயிறு திருப்பலிக்குப் பேரன் தன் காரில் நம்மை அழைத்துச் சென்றான். வண்டியைவிட்டு இறங்கும்போது, “பெல்ட் எப்போது மாற்றினாய்?” என்று கேட்டோம். சிரித்தான். திரும்பி வந்ததும் முன்மூடியைத் திறந்து, அவன் பார்க்கும்வரை பக்கத்திலேயே நின்றோம்.