ஒரே வேலைக்குப் பூட்டிய கணினி: தம்புள்ளை விலைப்பலகையும் நெனசல நிலையங்களும்

கணினி ஒன்றை ஒரேயொரு பணிக்கு மட்டும் விட்டு, மற்ற எல்லா வழிகளையும் அடைத்து வைப்பது கியோஸ்க் முறை எனப்படும். ஏடிஎம், விமான நிலையத்தில் பயண அட்டை அச்சிடும் பெட்டி, வங்கியில் வரிசை எண் தரும் இயந்திரம், நூலகத்தில் நூற்பட்டியலை மட்டும் காட்டும் திரை ஆகிய எல்லாம் இந்த வகை. உள்ளே இருப்பது பெரும்பாலும் சாதாரண விண்டோஸ் அல்லது லினக்ஸ் கணினிதான். ஆனால் அதன் டெஸ்க்டொப் வெளியே தெரியாது. ஸ்டார்ட் பொத்தான் கிடையாது. செயலியை மூடும் பெருக்கல் குறிகூட இருக்காது. மாத்தளை நகரின் திருகோணமலை வீதியில் பணம் எடுக்க நிற்பவர் தாம் ஒரு கணினியின் முன் நிற்பதாக நினைப்பதில்லை. பூட்டு சரியாக விழுந்திருக்கிறது என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

பொதுமக்கள் தாமே தொட்டுத் தகவல் தேடும் கியோஸ்க்குக்கு வயது ஏறத்தாழ அரை நூற்றாண்டு. 1977இல் அமெரிக்காவின் இலினொய் பல்கலைக்கழகத்தில், மருத்துவப் படிப்புக்குத் தயாராகிக்கொண்டிருந்த முரே லாப் என்ற மாணவர், பிளேட்டோ கணினி அமைப்பின் மேல் ஒரு தகவல் நிலையத்தைக் கட்டினார். பஸ் நேரம், வளாக வரைபடம், பாடநெறி விவரம் போன்றவற்றை யாரும் தொட்டுப் பார்த்துக்கொள்ளலாம். முதல் ஆறு வாரங்களில் 30,000க்கு மேற்பட்டோர் அதைப் பயன்படுத்தினார்கள்.

மாத்தளை மாவட்டத்தில் ஒற்றைப் பணித் திரைக்கு நல்ல உதாரணம் தேடினால் தம்புள்ளைக்குப் போக வேண்டும். ஏ-9 வீதியும் திருகோணமலைக்குப் போகும் ஏ-6 வீதியும் சந்திக்கும் ஊர் அது. 1999இல் திறக்கப்பட்ட தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்கு நுவரெலியாவின் கரட், லீக்ஸ், யாழ்ப்பாணத்தின் சின்ன வெங்காயம், கலேவெல, சீகிரியப் பகுதிகளின் பெரிய வெங்காயம் எல்லாம் லொறிகளில் வந்து கைமாறிப் போகின்றன. விலை மணிக்கு மணி மாறும். அதை முதலில் அறிபவர் கடைக்காரர். கடைசியில் அறிபவர் விளைவித்தவர். இந்த இடைவெளியைக் குறைக்கவே 2000களின் முற்பகுதியில் கொவி ஞான என்ற விலைத் தகவல் சேவை அங்கே தொடங்கப்பட்டது. பொருளியலாளர் ஹர்ஷ டி சில்வா அதன் பின்னால் இருந்தவர்களுள் முக்கியமானவர். தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையத்தின் ஆதரவும் கிடைத்தது. விலை சேகரிப்போர் கடை கடையாகப் போய், நடந்து முடிந்த வியாபாரங்களின் விலையைக் கேட்டு அனுப்புவார்கள். சந்தைக்குள் நிறுத்திய பெரிய மின்பலகையில் அது தோன்றும்.

பூட்டும் கலையின் நோக்கில் அந்தப் பலகையைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. விசைப்பலகை இல்லை, மவுஸ் இல்லை, தொடுதிரை இல்லை. பார்ப்பவருக்கு உள்ளே நுழைய வாசலே கிடையாது. உள்ளீடு தேவைப்படாத பணிக்கு உள்ளீட்டுக் கருவியே வைக்காமல் விடுவதுதான் இருப்பவற்றுள் உறுதியான பூட்டு. பலகையின் குறை வேறிடத்தில் இருந்தது. அதைப் படிக்கத் தம்புள்ளைக்கு வர வேண்டும்; வருவதற்குள் போஞ்சி பறித்தாயிற்று, லொறிக் கூலியும் கொடுத்தாயிற்று. விலை பிடிக்கவில்லை என்று திரும்பிப் போக முடியாது. தம்புள்ளையில் விற்கும் சிறு விவசாயிகளிடம் லேர்ன்ஏசியா ஆய்வு நிறுவனம் நடத்திய ஆய்வு, நடுகை முதல் விற்பனை வரையான மொத்தச் செலவில் ஏறத்தாழ 11 சதவீதம் தகவல் தேடவே போகிறது என்று கணக்கிட்டது. 2009 இறுதியில் டயலொக் நிறுவனத்தின் ட்ரேட்நெட் சேவை மூலம் அதே விலைகள் கைபேசிக்குப் போயின. ஒரு வேலை மட்டும் செய்த பலகையின் தகவல், நூறு வேலை செய்யும் கருவிக்கு இடம் மாறியது. எதைப் பூட்டுவது என்று யோசிப்பதற்கு முன் அந்தத் திரை எங்கே நிற்க வேண்டும் என்று யோசிப்பது நல்லது.

நெனசல நிலையங்களின் கதை இதற்கு நேர் எதிர். உலக வங்கி உதவியுடன் நடந்த இ-ஸ்ரீலங்கா திட்டத்தின் கீழ் 2005 முதல் நாடெங்கும் தொடங்கப்பட்ட பொதுக் கணினி நிலையங்கள் இவை. விகாரைகளிலும் நூலகங்களிலும் கூட்டுறவுக் கட்டடங்களிலும் இயங்கி, எண்ணிக்கையில் 700ஐத் தாண்டின. இணைய-நூலக நெனசல திட்டத்துக்கு 2014இல் கேட்ஸ் அறக்கட்டளையின் கற்றல் அணுகல் விருது கிடைத்தது. பரிசுத் தொகை பத்து இலட்சம் அமெரிக்க டொலர். 2009ஆம் ஆண்டின் அரச புள்ளிவிவரப்படி நாட்டில் கணினி அறிவு பெற்றோர் ஐந்தில் ஒருவர்தான். தோட்டப் பகுதிகளில் நிலைமை அதைவிட மிகக் கீழே. றத்தோட்டையிலோ உக்குவெலையிலோ ஒரு தோட்டத்துப் பிள்ளைக்கு அன்று விசைப்பலகையைத் தொடக் கிடைத்த முதல் இடம் அத்தகைய நிலையமாகவோ பாடசாலை ஆய்வுகூடமாகவோ இருந்திருக்கும். அங்கே கணினியை ஒரு வேலைக்குப் பூட்டினால் நிலையம் எதற்கு? கடிதம் தட்டச்சு செய்யவும், பரீட்சைப் பெறுபேறு பார்க்கவும், வெளிநாட்டிலிருக்கும் தாயோடு பேசவும், கண்டதைத் திறந்து பார்த்துப் பழகவும் வருபவர்களுக்கு அது திறந்தே இருக்க வேண்டும்.

திறந்து வைத்தால் கெடும் என்பதும் உண்மை. நெனசல நிலையங்கள் பெருகிய காலம், பென் டிரைவ் வழியாகப் பரவும் வைரஸ்களின் பொற்காலம். 2008 இறுதியில் கிளம்பிய கொன்ஃபிக்கர் உலகம் முழுதும் பல இலட்சம் விண்டோஸ் கணினிகளுக்குள் புகுந்தது. தவிர, யாரோ ஒருவர் பின்னணிப் படத்தை மாற்றுவார், இன்னொருவர் பணிப்பட்டையைத் திரையின் மேலே இழுத்து விடுவார், மூன்றாமவருக்குப் பிரிண்டரே காணாமல் போகும்.

இந்த இடத்துக்கு ஏற்ற விடை பூட்டு அல்ல, மீட்டமைப்பு. பகல் முழுவதும் என்ன வேண்டுமானாலும் நடக்கட்டும்; மறுமுறை இயக்கியதும் வன்தட்டு பழைய நிலைக்கே வந்துவிடும். கனடாவின் ஃபரோனிக்ஸ் நிறுவனம் விற்கும் டீப் ஃப்ரீஸ் இதற்குப் பெயர் போனது. மைக்ரோசொப்ட் இதே வேலைக்கு இலவச மென்பொருள் ஒன்றை 2005இல் வெளியிட்டு, பிறகு அதற்கு ஸ்டெடிஸ்டேட் என்று பெயர் சூட்டியது. நூலகங்களும் இணையக் கடைகளும் அதை நம்பியிருந்தன. ஆனால் விண்டோஸ் 7க்கு அது வரவேயில்லை. 2010 இறுதியில் வழங்குவதையும், 2011 ஜூனில் ஆதரவையும் நிறுத்திவிட்டார்கள். இலவசமாகக் கிடைத்த பூட்டின் சாவி வேறொருவர் கையில் இருந்த கதை இது. லினக்ஸில் இதற்கு எளிய வழி இருந்தது: உபுண்டுவில் 2008 முதல் பல ஆண்டுகள் இருந்த விருந்தினர் அமர்வு, வெளியேறியதும் எல்லாவற்றையும் அழித்துவிட்டது.

உண்மையான ஒற்றைப் பணிக் கணினிக்கு வருவோம். தொடக்க காலத்தில் பலர் செய்தது மறைத்து வைப்பது: ஐகன்களை அழிப்பது, பணிப்பட்டையை ஒளிப்பது, உலாவியை முழுத்திரையில் ஓட்டுவது. இது பூட்டு இல்லை, திரைச்சீலை. ஷிப்ட் விசையை ஐந்து முறை தட்டினால் விண்டோஸ் ஓர் உதவிப் பெட்டியைத் திறக்கும். அதிலுள்ள இணைப்பு அமைப்புகளுக்கு அழைத்துப் போகும். அச்சிடு என்று சொன்னால் வரும் பெட்டியில் கோப்பாகச் சேமிக்கும் வசதி இருக்கும். சேமிக்கும் பெட்டிக்குள் முழு வன்தட்டும் விரியும். பத்து வயதுப் பிள்ளை அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடும் வழிகள் இவை.

ஆகவே வழக்கமான முகப்பே இல்லாமல் செய்வதுதான் முறை. விண்டோஸில் டெஸ்க்டொப்பைக் காட்டும் எக்ஸ்ப்ளோரருக்குப் பதிலாகத் தேவையான செயலியையே முகப்பாக நியமிக்கலாம். விண்டோஸ் 8.1இல், 2013ஆம் ஆண்டு, ஒரு பயனர் கணக்குக்கு ஒரு செயலி மட்டும் என்று கட்டும் வசதி நேரடியாகவே வந்தது. லினக்ஸில் இன்னும் துப்புரவாகச் செய்யலாம்: டெஸ்க்டொப்பை நிறுவாமலே விட்டு, அமர்வு தொடங்கியதும் உலாவி மட்டும் எழும்படி வைத்தால், தப்பிப் போவதற்கு அப்பால் ஒன்றும் இல்லை. ஃபயர்ஃபொக்ஸ் 2019 டிசம்பரில் வந்த 71ஆம் பதிப்பிலிருந்து கியோஸ்க் முறையைத் தன்னுள்ளேயே கொண்டிருக்கிறது. டெஸ்க்டொப் வேண்டும், ஆனால் சில கதவுகள் மட்டும் அடைபட வேண்டும் என்றால் லினக்ஸ் டெஸ்க்டொப்களான கேடிஇ, க்னோம் இரண்டிலும் நிர்வாகி அமைப்புகளை ஒவ்வொன்றாக உறைய வைக்கலாம். கட்டளை வரி வேண்டாம், பின்னணிப் படம் மாறக் கூடாது, அச்சிடக் கூடாது என்று தனித்தனியே சொல்ல முடியும். மெய்நிகர் முனையத்துக்குத் தாவும் கண்ட்ரோல்-ஆல்ட் விசைச் சேர்க்கைகளையும் மறக்காமல் அடைக்க வேண்டும். அதை மறப்பவர்கள்தான் அதிகம்.

இத்தனைக்கும் கீழே இருக்கிறது பெட்டி. யூஎஸ்பி துளை திறந்திருந்தால், அல்லது கணினி எழும்போது முதலில் ஓடும் பயோஸில் கடவுச்சொல் இல்லாமல் வெளிக் கருவியிலிருந்து இயங்கவிட்டால், மேலே செய்தது எல்லாம் வீண். இந்திய ரிசர்வ் வங்கி 2018 ஜூன் மாதம் வங்கிகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கை இதைச் சுருக்கமாகக் காட்டுகிறது. ஏடிஎம்களில் பயோஸ் கடவுச்சொல் இடுங்கள், யூஎஸ்பி துளைகளை முடக்குங்கள், தானாக இயங்கும் வசதியை நிறுத்துங்கள் என்பவற்றுக்கு முதல் தவணை. அனுமதித்த நிரல்கள் மட்டும் ஓடும் ஏற்பாட்டுக்கு அடுத்த தவணை. ஆதரவு நின்றுபோன இயங்குதளங்களை மாற்ற 2019 ஜூன் வரை அவகாசம். விண்டோஸ் எக்ஸ்பிக்கு மைக்ரோசொப்ட் ஆதரவை நிறுத்தியது 2014 ஏப்ரலில். நான்கு ஆண்டுகள் கழித்தும் வங்கிகளுக்கு இதைச் சொல்ல வேண்டியிருந்தது.

பெட்டியை மட்டும் பூட்டி, மென்பொருளைத் திறந்துவிட்ட புகழ்பெற்ற முயற்சியும் ஒன்று உண்டு. 1999 ஜனவரியில் டெல்லி கல்காஜியில் சுகத மித்ரா சுவரில் பதித்த கணினி அது. சேரிப் பிள்ளைகள் யாரும் சொல்லித் தராமலே உலாவப் பழகினார்கள் என்று ஆய்வுகள் வந்தன. அவர் முடிவுகளோடு உடன்படாதவர்களும் உண்டு. ஆனாலும் சுவர் காத்தது கருவியை, திரை தடுக்கவில்லை பிள்ளையை என்ற அந்த அமைப்பு நெனசல போன்ற இடங்களுக்கு இன்றும் பொருந்தும்.

மாத்தளையில் இவற்றோடு மொழியும் சேர்கிறது. 2012 குடிசன மதிப்பீட்டின்படி மாவட்டத்தில் சுமார் 4.85 இலட்சம் பேர். இலங்கைத் தமிழர், மலையகத் தமிழர், முஸ்லிம்கள் ஆகியோரைச் சேர்த்தால் தமிழ் பேசும் சமூகங்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. மும்மொழித் திரை வைப்பது பெரிய காரியம் இல்லை, தட்டச்சில்தான் சிக்கல். தப்பிக்கும் வழிகளை அடைக்கும்போது மொழி மாற்றும் விசைச் சேர்க்கையும் மொழிப் பட்டையும் சேர்ந்தே போய்விடும். தமிழில் படிக்கலாம், பெயரை மட்டும் ஆங்கிலத்தில் எழுது என்ற நிலை அப்படித்தான் பிறக்கிறது. தமிழ் யூனிகோட் எழுத்துரு விண்டோஸ் 2000இலேயே உள்ளே வந்துவிட்டது. சிங்களத்துக்கு விஸ்டா வரை காத்திருக்க வேண்டியிருந்தது, எக்ஸ்பியில் தனித் தொகுப்பு நிறுவ வேண்டும். அதை நிறுவும் முன்பே வன்தட்டை உறைய வைத்துவிட்டால், ஒவ்வொரு காலையும் சிங்களம் கட்டங்களாகத்தான் தெரியும். திரையிலேயே மூன்று மொழி விசைப்பலகை வரைந்து காட்டுவதே இதற்குப் பழுதில்லாத வழி. ரெங்கநாதன் விசையமைப்பில் பழகியவருக்கும் பாமினியில் பழகியவருக்கும் அது ஒன்றுபோல உதவும்.

மின்சாரம் இன்னொன்று. 2022 மார்ச் இறுதியில் நாட்டில் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. அந்த அளவு இல்லாத நாட்களிலும், மழைக் காலத்தில் மலைப் பக்கத்து ஊர்களில் மின்சாரம் போய் வருவது வழமை. மின்சாரம் வந்ததும் தானாக எழுந்து, யாரிடமும் கடவுச்சொல் கேட்டு நிற்காமல், நேரே தன் பணிக்குப் போகாத கியோஸ்க் வெறும் தளபாடம். பயோஸில் அதற்கென்று ஓர் அமைப்பு இருக்கிறது. தொழிற்சாலையிலிருந்து வரும்போது பெரும்பாலும் அது அணைந்தே இருக்கும். வன்தட்டு படிக்க மட்டும் என்ற நிலையில் இருந்தால் திடீர் நிறுத்தத்தில் கோப்புகளும் கெடாது.

தூரத்திலிருந்து வரும் கேடும் உண்டு. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் பழுதான ஒரு புதுப்பிப்பால் உலகெங்கும் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கருவிகள் நீலத் திரையில் நின்றன. இந்திய விமான நிலையங்களில் பயண அட்டைகளைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். வெளியார் தொட முடியாதபடி பூட்டிய திரைகளை மீட்க, பல இடங்களில் ஊழியர் ஒருவர் நேரில் போய் விசைப்பலகை செருக வேண்டியிருந்தது.

இப்போது புதிதாக வைப்பவர்கள் டெப்லெட்டையே நாடுகிறார்கள். ஐபேடில் 2012 முதலும், ஆண்ட்ரொய்டில் 2014இல் வந்த 5.0 பதிப்பு முதலும் ஒரு செயலிக்குள் திரையைக் கட்டிவைக்கலாம். விலை குறைவு, மின்கலம் உள்ளேயே இருப்பதால் சிறு மின்வெட்டுகளையும் தாங்கும். ஆனால் பூட்டைத் திறக்கும் இலக்கம் ஒருவர் நினைவில் மட்டும் இருப்பது டெப்லெட்டிலும் மாறவில்லை. அரச அலுவலகங்களில் அவருக்கு இடமாற்றம் வந்தால் இலக்கமும் அவரோடு போகும். அதை எழுதி, உறையிலிட்டு, பொறுப்பதிகாரியின் பாதுகாப்புப் பெட்டகத்தில் வைத்து, கையளிப்புப் பட்டியலில் ஒரு வரியாகச் சேர்க்கும் அலுவலகங்களில் இயந்திரங்கள் ஓடுகின்றன. மற்ற இடங்களில் அடுத்து வருபவர் எல்லாவற்றையும் அழித்து, முதலிலிருந்து நிறுவுகிறார்.