தேதி மறந்த கேமரா



ஒரு படத்தில் தேதி பதிவாகியிருந்தால் அதை அப்படியே நம்பிவிடலாமா? மறைந்த என் மாமாவின் கேமரா சென்ற விடுமுறையில் இந்தக் கேள்வியைக் கேட்க வைத்தது.

அது நான்கு ஏஏ பேட்டரிகளில் இயங்கும் பழைய மின்னிலக்கக் கேமரா. மாமா அதைச் சுங்கை ரோடு சந்தையில் 15 வெள்ளிக்கு வாங்கினாராம். லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய அந்தப் பழைய பொருள் சந்தை 1930களில் தோன்றியது. 'திருடர் சந்தை' என்றும் அழைக்கப்பட்டது. 2017 ஜூலை 10ஆம் தேதியோடு மூடப்பட்டது.

மின்னிலக்கக் கேமராவுக்கும் பேட்டரிக்கும் உள்ள உறவு பழையது. 1975இல் கோடாக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாசன் செய்த முதல் கருவிக்கு 16 நிக்கல் காட்மியம் பேட்டரிகள் தேவைப்பட்டன. ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிய 23 விநாடி பிடித்தது. 1991இல் சோனி நிறுவனம் லித்தியம் அயனி பேட்டரியை விற்பனைக்குக் கொண்டுவந்தபின் கருவிகள் சிறுத்தன. ஆனால் அந்த பேட்டரிகள் மாடலுக்கு மாடல் வேறுபட்டதால், நல்ல கேமராக்கள்கூட மாற்று பேட்டரி கிடைக்காமல் மூலைக்குப் போயின. மாமாவின் கேமராவுக்கு அந்தக் கவலை இல்லை. ஏஏ இன்றும் எந்தக் கடையிலும் கிடைக்கிறது.

பேட்டரி மூடியைத் திறந்தேன். உள்ளே வெண்பச்சைப் படிவு. பல ஆண்டுகளாக உள்ளேயே கிடந்த ஆல்கலைன் பேட்டரி கசிந்திருக்கிறது. கசிவது காரம் என்பதால், கையுறை போட்டுக்கொண்டு, பஞ்சுக்குச்சியில் கொஞ்சம் வினிகர் தொட்டுத் துடைத்தேன். பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கொண்டு சுத்தம் செய்து காயவைத்தேன்.

புதிய ஆல்கலைன் போட்டேன். சில படங்களிலேயே அணைந்துவிட்டது. கேமரா ஒரே சமயத்தில் அதிக மின்னோட்டத்தை இழுக்கும். அப்போது ஆல்கலைனின் அழுத்தம் சட்டென்று இறங்கிவிடும். மறுமின்னேற்றம் செய்யும் நிக்கல் உலோக ஹைட்ரைடு பேட்டரி 1.2 வோல்ட்தான். ஆனாலும் அந்தச் சுமையைத் தாங்கும். மாற்றியதும் கேமரா ஓடியது.

நினைவு அட்டையில் 63 படங்கள் இருந்தன. எல்லாவற்றிலும் ஒரே தேதி: 01.01.2004. வகுப்பில் காட்டினேன். "சார், மணி ராத்திரி பன்னிரண்டரைன்னு இருக்கு. ஆனா படத்துல வெயில் அடிக்குதே!" என்றாள் ஒரு மாணவி.

சரியான இடத்தைப் பிடித்துவிட்டாள், பாருங்க. கேமராவின் கடிகாரத்துக்கென உள்ளே ஒரு சிறு துணை மின்கலம் உண்டு. அது செத்துப்போனால், பேட்டரி மாற்றும்போதெல்லாம் தேதி தொடக்க நாளுக்கே திரும்பிவிடும். மாமா அதைச் சரிசெய்யாமலே படம் எடுத்திருக்கிறார்.

அப்படியானால் உண்மையான நாள் எது? மாணவர்கள் தேடினார்கள். கோப்பு எண்கள் இடைவெளியின்றித் தொடர்ந்தன. முதல் படத்துக்கும் கடைசிப் படத்துக்கும் இடையே 1 மணி 22 நிமிடம். மணி தவறு, ஆனால் இடைவெளி சரி. எனவே எல்லாம் ஒரே நடையில் எடுத்தவை. ஒரு படத்தில் கேம்பல் லேனில் இந்திய மரபுடைமை நிலையத்துக்குள் பார்வையாளர்கள் நுழைகிறார்கள். அது திறக்கப்பட்டது 2015 மே மாதம். இன்னொன்றில் சுங்கை ரோடு சந்தை நடக்கிறது. ஆகவே 2017 ஜூலைக்குப் பிந்தியதல்ல. மூன்றாவதில் கரும்புக் கட்டுகளும் பொங்கல் பானைகளும். அப்படியானால் 2016 அல்லது 2017 ஜனவரி.

மீதியை அம்மா சொன்னார்: "2017 பொங்கலுக்கு உங்க மாமா காலில் கட்டுப் போட்டுக்கிட்டு வீட்டுலதானே கிடந்தாரு!"

ஆகவே 2016. பன்னிரண்டு ஆண்டுப் பிழை திருத்தப்பட்டது. 2004 என்றே எழுதி வைத்திருந்தால், இன்று இல்லாத ஒரு சந்தையைப் பற்றிய சான்று எங்கள் குடும்பத்திலேயே பொய்யாகியிருக்கும்.

தேர்வு எழுதும் மாணவர்களே, சான்று சொல்வதை மட்டும் பார்க்காதீர்கள். அது எப்படி உருவானது, எங்கே தவறக்கூடும், வேறு எந்தச் சான்று அதை உறுதிசெய்கிறது என்றும் கேளுங்கள். ஆசிரியர்களே, உங்கள் மாணவர்களின் வீட்டு அலமாரியிலும் ஒரு பழைய கேமரா இருக்கலாம். முதலில் பேட்டரியைக் கழற்றி வைக்கச் சொல்லுங்கள். பிறகு படங்களைப் பார்த்தவர்கள் இருக்கும்போதே, அவர்களிடம் உட்கார்ந்து கேட்கச் சொல்லுங்கள்.