வென்றவர் போன இடம்

1967 தேர்தலைப் பற்றி நம்மவர்கள் எழுதியதெல்லாம் வெற்றியின் வரலாறு. 234 இடங்களில் தி.மு.க. 137, காங்கிரஸ் 51. விருதுநகரில் காமராஜர் ஒரு மாணவர் தலைவரிடம் 1,285 வாக்குகளில் தோற்றார். வடுகபட்டியில் பூண்டு மண்டிக்காரர்கள்கூட இவற்றை ஒப்பிப்பார்கள். அவர்கள் ஒப்பிக்காத கணக்கு ஒன்று உண்டு. வாக்கு விகிதத்தில் காங்கிரஸ் 41 சதவிகிதத்தைச் சற்றே தாண்டியது, தி.மு.க. 41ஐத் தொடவில்லை. கூட்டணிக்கு விட்டுக்கொடுத்து 174 தொகுதிகளில் மட்டும் நின்றதே காரணம் என்பது ஒருபுறமிருக்க, ஆட்சியைப் பிடித்த கட்சியைவிட இழந்த கட்சிக்கு வாக்கு அதிகம்.

இந்தக் கணக்கை முன்னால் வைத்துக்கொண்டுதான் அண்ணாவின் நிதானத்தைப் பார்க்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது. பதவியேற்குமுன் நெடுஞ்செழியனையும் கருணாநிதியையும் கூட்டிக்கொண்டு திருச்சிக்குப் போய்ப் பெரியாரைச் சந்தித்தார். பெரியார் அந்தத் தேர்தலில் காங்கிரசுக்கு வாக்குக் கேட்டவர். 1949இல் பிரிந்துபோனவர்களைக் 'கண்ணீர்த்துளிகள்' என்று ஏசிவந்தவர். இதைக் குருபக்தி என்று சொல்லி நெகிழ்வது நம் வழக்கம். நெகிழ்ச்சி சௌகரியமானது, அரசியலைப் பார்க்கவிடாது. 20 இடங்கள் வென்ற கூட்டாளியான ராஜாஜியின் சுதந்திராக் கட்சிக்கு மந்திரிசபையில் இடமில்லை. எதிர்த்தவரிடம் மரியாதை, உடன் நின்றவரிடம் தூரம். இது வெறும் பண்பு அல்ல, கணிப்பும்கூட. அதனால் அதன் மதிப்பு குறைந்துவிடுவதாகவும் நான் நினைக்கவில்லை.

அன்று மதுரை ஜில்லாவிலிருந்த எங்கள் ஊரில் அண்ணன் காங்கிரஸ், தம்பி தி.மு.க. என்ற வீடுகள் இருந்தன. வாக்கு எண்ணி முடிந்த வாரமும் இருவரும் ஒரே மடையில் முறைவைத்துத் தண்ணீர் பாய்ச்சியாக வேண்டும். ஏச்சு வரப்பு வரைக்கும் வரும்; மடையை யாரும் அடைக்கவில்லை. சட்டசபைக்கு அப்படியொரு மடை கிடையாது என்பதுதான் சிக்கல். 25 மார்ச் 1989 அன்று அங்கே நடந்தது எல்லோருக்கும் தெரியும்.

ஒரு முறை மட்டும் மடை இருந்தது. 'தமிழ்நாடு' என்ற பெயருக்காகவும் உண்ணாவிரதமிருந்த சங்கரலிங்கனார் 13 அக்டோபர் 1956 அன்று இறந்தபோது ஆட்சி காங்கிரசுடையது. 1963இல் மாநிலங்களவையில் பூபேஷ் குப்தா கொண்டுவந்த பெயர்மாற்ற மசோதாவை ஆதரித்து அண்ணா பேசினார். காங்கிரஸ் அதைத் தோற்கடித்தது. 18 ஜூலை 1967 அன்று அதே கோரிக்கையை அண்ணா சட்டசபையில் தீர்மானமாகக் கொண்டுவந்தபோது காங்கிரசும் சேர்ந்து ஒருமனதாக நிறைவேறியது. தோற்றவர்கள் பணிந்துவிட்டார்கள் என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆட்சியிலிருந்தபோது டில்லிக்காக மறுத்தவர்கள், ஆட்சி போனபின் தங்கள் மொழிக்காகக் கைதூக்க முடிந்தது. பழைய மறுப்பைக் குத்திக்காட்டி அதைக் கெடுத்துவிடாதிருந்தது அண்ணாவின் சாமர்த்தியம்.

பெயர் 14 ஜனவரி 1969 அன்று அமலுக்கு வந்தது. அதே மாதம் நாகர்கோவில் இடைத்தேர்தலில் காமராஜர் ஜெயித்தார், தி.மு.க. அவரை எதிர்த்து நின்றவரைத்தான் ஆதரித்தது. பிப்ரவரி 3 அன்று அண்ணா இறந்தார்.