அறுந்த படத்தை ஒட்டிய கருவி



சென்ற பள்ளி விடுமுறையில் நம் பள்ளிப் பொருளறையைச் சுத்தம் செய்தோம். அலமாரியின் அடித்தட்டில் கனமான இரும்புச் சாமான் ஒன்றும், ஒரு தகர டப்பாவும் கிடைத்தன. "சார், இது ஸ்டேப்ளரா? பேப்பர்ல ஓட்டை போடுற மெஷினா?" என்று பிள்ளைகள் கேட்டார்கள். எனக்கும் தெரியவில்லை. பழைய இரும்புக்காரரிடம் போட எடுத்து வைத்துவிட்டோம்.

அந்த நேரம் பார்த்து, தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் வந்தார். கையில் எடுத்துப் பார்த்ததுமே, "இது படம் ஒட்டுற மெஷின் ஆச்சே, வாத்தியாரே!" என்றார். இளம் வயதில் திடலில் படம் காட்ட வருவோருக்கு ஒத்தாசை செய்தவர் அவர்.

மலாயன் பிலிம் யூனிட் 1946இல் தொடங்கப்பட்டது. அதன் படங்களைத் தகவல் இலாகா வண்டிகள் கம்பங்களுக்கும் தோட்டங்களுக்கும் கொண்டு வந்து காட்டின. தமிழ்ப் படங்களும் திடலில் வெள்ளைத்துணி கட்டிக் காட்டப்பட்டன. இவ்வாறு ஊர் ஊராகப் போனவை பெரும்பாலும் 16 மில்லிமீட்டர் படங்கள். நடுவில் படம் அறுந்தால் திரை வெளுத்துவிடும், விசில் பறக்கும். ஒட்டி மறுபடியும் ஓட்டும்போது பாட்டு ஓரிடத்தில் குதிக்கும். ஏன் தெரியுமா?

திரைப்படம் என்பது வரிசையான சிறு படங்கள்தாம். ஒரு விநாடிக்கு 24 படங்கள் ஓடும். 16 மில்லிமீட்டரில் ஓர் அடி நீளத்தில் 40 படங்கள் இருக்கும். அந்தக் காலத்தில் ஒரு முனையின் மேற்பூச்சைச் சுரண்டி, மருந்து தடவி, மற்ற முனையை அதன்மேல் ஏற்றி அழுத்தி ஒட்டுவார்கள். ஒன்றின்மேல் ஒன்று ஏறுவதால் ஒரு படமாவது வீணாகும். அந்த ஒட்டைப் பிரிக்கவும் முடியாது, வெட்டத்தான் வேண்டும். வெட்டினால் இன்னும் நட்டம். பத்துத் தடவை அறுந்த படத்தில் பாட்டு குதிக்காமல் என்ன செய்யும்?

அந்தக் காலத் திரைப்படத் தொகுப்பாளர்களுக்கும் இதே தொல்லைதான். ஒரு காட்சியை இங்கே வெட்டலாமா, சற்றுத் தள்ளி வெட்டலாமா என்று அவர்கள் பலமுறை சோதித்துப் பார்க்க வேண்டியிருந்தது. இத்தாலி நாட்டில் லியோ கட்டோட்சோ என்ற தொகுப்பாளர் இருந்தார். இயக்குநர் ஃபெல்லினியின் 'லா டோல்ச்சே வீட்டா' (1960), 'எட்டரை' (1963) ஆகிய படங்களைத் தொகுத்தவர் அவரே. தானே துளையிடும் ஒட்டுநாடாக் கருவியை உருவாக்கியவரும் அவர்தான். 'சி.ஐ.ஆர். கட்டோட்சோ' என்ற பெயரில் அது உலகெங்கும் பரவியது. அதற்காக 1989ஆம் ஆண்டுக்குரிய ஆஸ்கார் தொழில்நுட்ப விருது அவருக்குக் கிடைத்தது.

எங்களுக்குக் கிடைத்ததும் அந்த வகைதான். பெரியவர் சொல்லிக் கொடுத்தபடி இதை அடையாளம் காணலாம். அடித்தட்டில் படத்தின் துளைகள் மாட்டும் சிறு முளைகள் இருக்கும். முளைக்கு முளை ஏறக்குறைய 7.6 மில்லிமீட்டர் இருந்தால் 16 மில்லிமீட்டர் படத்துக்கு உரியது. 4.75 மில்லிமீட்டர் இருந்தால் அந்தக் காலத்தில் தியேட்டரில் ஓடிய 35 மில்லிமீட்டருக்கு உரியது. பக்கத்தில் வெட்டுக்கத்தி, மேலே நாடாச் சுருள், அழுத்தும் தலையில் துளையூசிகள். ஊசி ஒன்று முறிந்திருந்தாலும் உதவாது.

வேலை செய்யும் விதம் சுலபம். இரு முனைகளையும் கத்தியில் நேராக வெட்டி, முளைகளில் மாட்டி, முனையோடு முனை சேர்த்து வைக்க வேண்டும். ஒன்றன்மேல் ஒன்று ஏறக்கூடாது. நாடாவைக் குறுக்கே இழுத்து ஒட்டித் தலையை அழுத்தினால், ஓர நாடா வெட்டுப்படும், துளைகளும் விழும். பிறகு படத்தைத் திருப்பி மறுபக்கமும் ஒட்ட வேண்டும். ஒரு படம்கூட வீணாகாது. பிடிக்காவிட்டால் நாடாவை உரித்துத் திரும்பவும் ஒட்டலாம். கடையில் விற்கும் சாதாரண செலோடேப் மட்டும் ஆகாது. நாளடைவில் பசை கசிந்து படத்தைக் கெடுத்துவிடும்.

தகர டப்பாவைத் திறந்தோம். காடி வாடை அடித்தது. படம் கெட ஆரம்பித்ததற்கு அதுவே அடையாளம். மூன்று இடங்களில் அறுந்திருந்தது. புரொஜக்டரில் மாட்டினால் நொறுங்கிவிடும் என்பதால் மாட்டவில்லை. அதற்குரிய நாடா வாங்கி மூன்று இடங்களையும் ஒட்டி, விளக்கு வெளிச்சத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தோம். பள்ளி விளையாட்டுப் போட்டி! வெறுங்காலோடு பையன்கள் ஓடுகிறார்கள். பெரியவர் வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "முன்னால ஓடுறது என் தம்பி. இப்ப இல்ல. அவன் போட்டோ ஒண்ணுகூட எங்ககிட்ட இல்ல" என்றார்.

பழைய இரும்பென்று நான் தூக்கிப் போட இருந்ததை நினைத்து வெட்கப்பட்டேன்.

பெற்றோர்களே, வீட்டுப் பெட்டியில் பழைய படச்சுருளோ, போட்டோவோ இருந்தால் குப்பையில் போடாதீர்கள். முதலில் வீட்டுப் பெரியவர்களிடம் காட்டிக் கேளுங்கள். மாணவர்களே, தவறாக ஒட்டியதைப் பிரித்து மறுபடி ஒட்டலாம் என்பதே இக்கருவி கற்பிக்கும் பாடம். அறுந்ததை ஒட்டலாம், தொலைத்ததை ஒட்ட முடியாது.